மாதா கோயில் தாழ்வாரத்தில் ஒன்பது ராத்திரி: அடுத்து எங்கே போவது?

கேள்வி: எனக்கு 41 வயது. தங்கச்சிமடம் பக்கம் நண்டுக் கம்பெனியில் கூலி வேலை. வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். 68 வயது மாமி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், நான் மூவரும் மாமி பெயரில் இருந்த வீட்டில் இருந்தோம். போன வருடம் கொழுந்தன், "கடைசிவரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டார். இப்போது எங்களை வெளியே தள்ளிப் பூட்டுப் போட்டுவிட்டார். தள்ளியதில் மாமிக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் உள்ளே. போலீசில் "குடும்பத் தகராறு, பேசி முடிங்க" என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒன்பது ராத்திரியாக மாதா கோயில் தாழ்வாரத்தில் படுக்கிறோம். வீடில்லாதவர்களுக்கு இந்தப் பக்கம் யார் உதவுவார்கள்? குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்கிறார்களே, நிஜமா?
(பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்)

பதில்:

சகோதரிக்கு,

முதலில் அந்த 20,000 ரூபாய்க் காகிதம். நீங்களும் சரி, மாமியும் சரி, கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். அதில் "எங்களுக்கு இந்த வீட்டில் எந்தப் பாத்தியதையும் இல்லை, மனமொப்பி விலகிக்கொண்டோம்" என்பது போல ஒரு வரி கட்டாயம் இருக்கும். சட்டப்படி அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்பது வேறு விஷயம். நாளைக்கு நீங்கள் கோர்ட் படி ஏறும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான். பெரியவர்களிடம் பகைத்துப் பேச வேண்டியதில்லை. "வக்கீல் பார்க்கட்டும், அப்புறம் சொல்றோம்" என்றால் போதும்.

அடுத்து, "வீடில்லாதவர்களுக்கு யார் உதவுவார்கள்" என்ற கேள்வி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெயரில் கேட்டால் உங்கள் ஊரில் கதவு குறைவு. வீடற்றோர் இரவு விடுதி என்பது நகர்ப்புறத் திட்டம். ஒரு லட்சம் நகர மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் இடம் என்பது அதன் கணக்கு. நகராட்சியும் மாநகராட்சியும்தான் அதை நடத்த வேண்டும். தங்கச்சிமடமும் பாம்பனும் கிராம ஊராட்சிகள். ஆகவே "வீடில்லை" என்று ஊராட்சி அலுவலகத்தில் நின்றால், மனையும் பட்டாவும் இருக்கிறவர்களுக்கான வீடு கட்டும் திட்டத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "வெளியேற்றப்பட்டோம்". அந்தச் சொல்லுக்கு ஒன்றுக்கு மூன்று கதவு திறக்கும். நீங்கள் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட பெண். மாமி மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் வருகிறவர். மகள் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை. மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அதிகாரி. மூன்றையும் ஒரே மனுவில் அடைத்து ஐந்து ஆபீசுக்கு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒவ்வொரு ஆபீசும் "இது எங்களுடையது இல்லை, உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி முடித்துவிடும்.

இன்றைக்கு ராத்திரிக்கு 181. பெண்களுக்கான உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, காசு பிடிக்காது, யார் போனிலிருந்தும் கூப்பிடலாம். அழைத்ததும் கதையை ஆதியிலிருந்து தொடங்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "என் பேர் இது, வயசு 41. கூட 14 வயசுப் பொண்ணும் 68 வயசு மாமியும் இருக்காங்க. கொழுந்தன் எங்களை வெளியே தள்ளி வீட்டைப் பூட்டிட்டார். ஒன்பது ராத்திரியா தங்கச்சிமடம் மாதா கோயில் தாழ்வாரத்துல படுக்கிறோம். இன்னைக்குத் தங்க இடம் வேணும், கேஸும் கொடுக்கணும்." வயசுப் பிள்ளை திறந்த இடத்தில் படுக்கிறாள் என்பது விட்டுப்போகக் கூடாது. பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் உங்களை ராமநாதபுரத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துடன் இணைப்பார்கள். 'சகி' மையம் என்றும் சொல்வார்கள். அங்கே பொதுவாக ஐந்து நாள்வரை தங்கலாம். சாப்பாடு, ஆலோசனை, போலீஸ் உதவி, சட்ட உதவி எல்லாம் அந்த ஒரே கூரையில். மகளும் மாமியும் உங்களோடு தங்க வேண்டும் என்பதை போனிலேயே சொல்லிவிடுங்கள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம், ராத்திரி பஸ்ஸை நம்ப வேண்டாம், வண்டி ஏற்பாடு கேளுங்கள். ஐந்து நாளில் வழக்கு முடிந்துவிடாது. ஆறாம் நாள் எங்கே என்பதை முதல் நாளே கேட்க வேண்டும். நீண்ட நாள் தங்கும் பெண்கள் இல்லங்களுக்குப் பரிந்துரைக்கும் பொறுப்பு அவர்களுடையதுதான். ஆனால் அப்படிப் போனால் வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாகிவிடும். அதனால் அந்த ஐந்து நாளைத் தங்குவதற்காக மட்டும் செலவழிக்காமல், கீழே சொல்லும் மனுக்களைப் போட்டுவிடுவதற்காகச் செலவழியுங்கள்.

மாமியின் மணிக்கட்டு ஒன்பது நாளாக வீங்கியிருக்கிறது என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம். ராமேஸ்வரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆதார் இல்லை என்று தயங்க வேண்டாம், அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்கு அது நிபந்தனை இல்லை. அங்கே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். "எப்படிப் பட்டது?" என்று டாக்டர் கேட்பார். பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்கிற தாய்கள் இந்தக் கரையில் ஏராளம். அந்த ஒரு வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு எந்தக் கோர்ட்டிலும் அதைத் துடைக்க முடியாது. யார், என்றைக்கு, எப்படித் தள்ளினார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிவின் நகல் கேட்டு வாங்குங்கள்.

போலீசில் "பேசி முடிங்க" என்றதை அப்படியே விடாதீர்கள். ராமேஸ்வரத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. புகாரை எழுதி இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு எண்ணும் தேதியும் போட்டுத் தரும் சீட்டு அது. எஃப்.ஐ.ஆர். உடனே போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். இருந்தால் நீங்கள் வந்ததை யாரும் மறுக்க முடியாது. புகாரில் தள்ளியது, பூட்டியது இரண்டோடு "எங்கள் ஆவணங்கள் உள்ளே இருக்கின்றன, எடுத்துத்தர வேண்டும்" என்று ஒரு பட்டியலும் சேருங்கள்: யாருடைய ஆதார், எந்த வங்கியின் பாஸ்புக், மகளின் புத்தகப் பை, சீருடை என்று ஒவ்வொன்றாக.

இனி வீடு. இதில் உங்கள் வழி வேறு, மாமியின் வழி வேறு. இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கலாம்.

உங்கள் வழி, 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். கட்டிய கணவன் அடித்தால்தான் இந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாணமாகி வந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் வெளியேற்றினாலும் அது குடும்ப வன்முறைதான். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியமில்லை. கணவரின் உறவினர் பெயரில் உள்ள வீட்டிலும் மருமகளுக்குக் குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. கணவன் இறந்துவிட்டதால் அந்த உரிமை போய்விடாது என்பதை 2022-ல் ஒரு விதவையின் வழக்கிலேயே தெளிவாக்கியது. இந்தக் கரையில் பட்டா இல்லாமல் புறம்போக்கில் கட்டிய வீடுகள் எத்தனையோ. அவற்றில் வாழ்ந்த பெண்களுக்கும் இந்த வழி பயன்படும். இது சொத்தில் பங்கு கேட்கும் வழக்கு இல்லை, குடியிருக்கும் உரிமை கேட்கும் மனு.

மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததைக் கேட்டு அதற்கான படிவத்தில் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. மனு வந்ததிலிருந்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அந்த விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் முடிவு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீளும். அதனால்தான் பிரதான மனுவோடு இடைக்கால உத்தரவு மனுவையும் பிரமாண வாக்குமூலத்தோடு சேர்த்தே போட வேண்டும். இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வாய்தாவுக்கு அலைகிறவர்கள் உண்டு. இடைக்கால மனுவில் மூன்றைக் கேளுங்கள்: பூட்டைத் திறந்து குடியிருக்க விட வேண்டும். அது முடியாதென்றால் வேறு இடத்துக்கான வாடகையைக் கொழுந்தன் தர வேண்டும். எங்கள் சாமானும் காகிதங்களும் திரும்ப வேண்டும். அவசரம் என்று மாஜிஸ்திரேட்டுக்குப் பட்டால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு போட அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம்வரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம்.

வக்கீல் பீஸ் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள், அல்லது ராமநாதபுரத்தில் மாவட்ட நீதிமன்றத்தோடு இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போய் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே நியமிக்கும் வக்கீல் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் அதே அலுவலகத்தில் சொல்லி வேறு வக்கீல் மாற்றிக்கொள்ளலாம்.

மாமியின் வழி 2007-ஆம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். என் கணிப்பில், வீடு திரும்பி வருவதற்கு இதுதான் உறுதியான வழி. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், வக்கீல் வைக்காமலேயே வாதாடலாம். உங்களுக்கு ராமநாதபுரம் கோட்டம். இரண்டு கோரிக்கை வைக்க வேண்டும். ஒன்று, மகன் மாதாமாதம் பராமரிப்புத் தொகை தர வேண்டும், அதற்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். இன்னொன்று, 23-ஆம் பிரிவின்படி அந்த எழுதிக்கொடுத்த பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வேண்டும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்.

இதில் சிக்கல் வருவது பத்திரத்தின் வாசகத்தில். "ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் வேலை சுலபம். நம் பக்கத்துத் தான செட்டில்மென்ட்களில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தச் சொல்லுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும் நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று நாகப்பட்டினத்துத் தாய் ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்வதோடு வீட்டை ஒப்படைக்கவும் உத்தரவிடலாம் என்று அதே வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆகவே நிபந்தனை எழுதவில்லை என்று யாராவது கை விரித்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். பத்திரம் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் சான்றிட்ட நகலை மாமி பெயரில் மனுப் போட்டு வாங்குங்கள். மூலப் பத்திரம் கொழுந்தன் கையில் இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. பத்திரம் எழுதிய அன்று "நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டவர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் மனுவில் சேருங்கள்.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஏழ்மைக்காகவோ வீடில்லை என்பதற்காகவோ மட்டும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கு விடுதி என்பது கடைசி வழி என்றுதான் சட்டம் கட்டளையிடுகிறது. 1098-ஐத் தாராளமாகக் கூப்பிடலாம். மறைத்து வைப்பதுதான் ஆபத்து. வயசுக்கு வந்த பிள்ளை ராத்திரியில் திறந்த தாழ்வாரத்தில் இருப்பது ஊருக்கே தெரியும், தெரியாத ஆளும் அதில் இருப்பான். பள்ளியைவிட்டு நிறுத்தாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றுச் சீருடைக்கும் புத்தகத்துக்கும் வழி பார்ப்பார், மதியச் சாப்பாடும் நிற்காது. வழக்கு இழுத்தால் அரசு நல விடுதியில் இந்த வருடம் மட்டும் சேர்ப்பது பற்றிப் பின்னால் யோசிக்கலாம். அதையே முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தகப்பனை இழந்த பிள்ளை இப்போது வீட்டையும் இழந்திருக்கிறாள், உங்களோடு இருக்கட்டும்.

காகிதங்கள். பூட்டு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாலுகா அலுவலக ஆதார் மையத்தில் கைரேகை வைத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து அச்செடுத்துத் தருவார்கள். நண்டு உடைத்து உடைத்து விரல் ரேகை தேய்ந்திருந்தால் இயந்திரம் பிடிக்காது. பத்து விரலையும் வைத்துப் பாருங்கள், அதற்கும் பிடிக்காவிட்டால் கருவிழிப் பதிவு கேளுங்கள். ஆதார் வந்துவிட்டால் அதைக் கொண்டு வங்கியில் பாஸ்புக் நகல், பிறகு ரேஷன் கார்டு நகல். வங்கிக்குப் போகும்போது பழைய ஏ.டி.எம். அட்டையை முடக்கச் சொல்லுங்கள், அது யார் கையில் இருக்கிறதோ. கார்டில் உங்கள் பெயர் இருந்தால் மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். மறுத்தால் 1967-ல் புகார் சொல்லுங்கள்.

கணவரின் இறப்புச் சான்றை இ-சேவை மையத்தில் எடுத்துக்கொண்டு ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பியுங்கள். 18 வயதுக்கு மேல், மறுமணம் செய்யாதவர்களுக்கு உண்டு. 2023-ல் இந்த ஓய்வூதியத்தை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். மாமிக்கு முதியோர் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால், பணம் கொண்டுவருகிறவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் இப்போது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள். "ஆள் ஊரில் இல்லை" என்று யாராவது எழுதிவிட்டால் மறுபடி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: "இன்ன தேதியிலிருந்து இந்த மூவரும் கோயில் தாழ்வாரத்தில் தங்கியிருக்கிறார்கள்" என்று இரண்டு வரி, கையெழுத்து, முத்திரை. வெளியேற்றப்பட்ட தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மழை. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். நீங்கள் சகி மையத்துக்குப் போவதற்கு முன்பே அப்படிப் பிடித்துக்கொண்டால் 1077, கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. பள்ளிக்கூடத்தையோ புயல் பாதுகாப்பு மையத்தையோ திறந்துவிடச் சொல்லலாம். சாவி எங்கே என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், அவர் எண்ணை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் மழை நிற்கும்வரைதான், அதை நம்பி 181-ஐத் தள்ளிப்போட வேண்டாம்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தனியாக நிற்கும் ஆணுக்கு இத்தனை கதவு கிடையாது என்பது வருத்தமான உண்மை. அறுபது வயதைத் தாண்டியவர் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசலாம். மற்றவர் ராமேஸ்வரம், ராமநாதபுரம் போன்ற நகராட்சிகளில் ஆணையரிடம் எழுத்தில் இரவு விடுதி கேட்க வேண்டும். முகவரி இல்லாததால் வாக்காளர் அட்டை கிடையாது என்று யாரும் விரட்ட முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி வந்து ஆள் அங்கே படுக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் விதி. அக்னி தீர்த்தக் கரையிலோ ஏர்வாடியிலோ மனநலம் குன்றி அலைபவரைக் கண்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. சங்கிலி போடுவதைத் தடுக்கும் பிரிவும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஏர்வாடியில் 2001-ல் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை இந்தக் கரை மறக்கவில்லை.

சகோதரி, வேலைக்குப் போகிற நாளை இழக்காமல் இத்தனையும் செய்ய முடியாது என்பது தெரியும். அதனால் வரிசை இது: இன்று சாயங்காலம் 181. நாளைக் காலை ஆஸ்பத்திரி, அதை முடித்துக்கொண்டு அப்படியே ராமேஸ்வரம் மகளிர் காவல் நிலையம். மறுநாள் ராமநாதபுரத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு, சமூகநல அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம் மூன்றும் ஒரே நடையில். ஒவ்வொரு இடத்திலும் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, எல்லாவற்றையும் கனமான பிளாஸ்டிக் கவரில் போட்டு மகளின் பள்ளிப் பையில் வைக்காமல் உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.